சொல்வது ‘நீவ்’, எழுதுவது வேறு: வெளிநாட்டில் பிறக்கும் மகளுக்கு ஐரிஷ் பெயர் வைக்கலாமா?

பாஸ்டனில் வசிக்கும் ஓர் ஐரிஷ் தம்பதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வேலைக்காக டப்ளினிலிருந்து வந்து ஐந்தாறு வருடம் ஆகிவிட்டது. முதல் குழந்தை, பெண் என்று தெரிந்துவிட்டது. போனில் உள்ள நோட்ஸ் ஆப்பில் ஒரு பெயர்ப் பட்டியல். முப்பது பெயர்களில் ஆரம்பித்தது, இப்போது மூன்றில் வந்து நிற்கிறது: நீவ், கீவா, ஸைவ்.

காதால் கேட்டால் மூன்றும் சின்னச் சின்னப் பெயர்கள்தான். சிக்கல் எழுதும்போது வருகிறது. நீவ் என்பதற்கு என்-ஐ-ஏ-எம்-ஹெச் என்று எழுத வேண்டும். கீவாவுக்கு சி-ஏ-ஓ-ஐ-எம்-ஹெச்-இ. ஸைவுக்கு எஸ்-ஏ-டி-ஹெச்-பி-ஹெச்.

“ஆஸ்பத்திரியில நர்ஸே திணறிடுவாங்க. ஸ்கூல்ல முதல் நாள் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது என்ன ஆகும், யோசிச்சியா?” என்கிறார் கணவர். “அதுக்காக எமிலின்னு வைக்கணுமா? என் பாட்டி பேரு ஸைவ்” என்கிறார் மனைவி.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், பாஸ்டனோ சிட்னியோ டொரன்டோவோ, ஊர் விட்டு வந்த ஐரிஷ் குடும்பங்களில் இந்தப் பேச்சு சகஜம். 2022 கணக்கெடுப்பின்படி அயர்லாந்தின் மொத்த மக்கள்தொகை சுமார் 51 லட்சம். அமெரிக்காவில் மட்டும் தங்களை ஐரிஷ் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் 3 கோடிக்கும் மேல். இந்தக் கேள்வி டப்ளினைவிட வெளியூர்களில்தான் அதிகம் எழும்.

வைக்கலாமா, கூடாதா? வைக்கலாம். அதன் சொந்த ஸ்பெல்லிங்கிலேயே வைக்கலாம். ஆனால், அந்தப் பெயரை ஊருக்குப் பழக்கும் வேலை அப்பா அம்மாவுடையது. அதை அந்தக் குழந்தையின் தலையில் கட்டுவதாக இருந்தால், எமிலியே மேல். ஏன் என்று பார்ப்போம்.

ஸ்பெல்லிங்கில் என்னதான் பிரச்சினை?

ஐரிஷ் பெயர்களைப் பார்த்து, “இவங்க எழுத்தை எல்லாம் குலுக்கிப் போட்டு எழுதுறாங்களா?” என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. உண்மை நேர் எதிர். ஐரிஷ் எழுத்துமுறையில் ஆங்கிலத்தைவிட ஒழுங்கு அதிகம். விதி தெரிந்துவிட்டால் பெரும்பாலான பெயர்களைப் பார்த்த உடனே படித்துவிடலாம். என்ன, அது ஆங்கில விதி இல்லை. அதே ஏ, பி, சி-யை எடுத்துக்கொண்டு, தன் ஒலிகளுக்கு ஏற்றபடி வேறு கணக்கில் பயன்படுத்துகிறது அந்த மொழி.

தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ‘கடல்’, ‘தங்கம்’, ‘நகம்’ என்று சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒரே ‘க’தான், ஒலி மூன்று. எழுத்து எங்கே நிற்கிறது என்பதை வைத்து வாய் தானாக மாற்றிக்கொள்கிறது. புதிதாகத் தமிழ் கற்கும் வெளிநாட்டவருக்கு இது பெரிய குழப்பம். நமக்கு அப்படி ஒரு விஷயம் இருப்பதே தெரியாது.

ஆய்த எழுத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘ப’வுக்கு முன்னால் ‘ஃ’ போட்டால் ‘ஃப’ ஆகிவிடுகிறது. அங்கே ‘ஃ’ தனியாக ஒலிப்பதில்லை, பக்கத்து எழுத்தின் ஒலியை மாற்றுகிறது. ஐரிஷில் ‘ஹெச்’ செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான். பி-க்குப் பின்னால் ஹெச் வந்தால் பெரும்பாலும் ‘வ’. எம்-க்குப் பின்னால் வந்தாலும் அப்படியே. டி-க்கோ ஜி-க்கோ பின்னால், சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வந்தால் அநேகமாகக் கரைந்தே போய்விடும். எஸ் பக்கத்தில் இ-யோ ஐ-யோ இருந்தால் ‘ஷ’. சி எப்போதும் ‘க’தான், ‘ஸ’ ஆகாது.

இவ்வளவுதான். இப்போது எஸ்-ஐ-ஓ-பி-ஹெச்-ஏ-என் ஏன் ‘ஷிவான்’ என்று புரிந்திருக்கும். என்-ஐ-ஏ-எம்-ஹெச் ஏன் ‘நீவ்’ என்பதும்.

இன்னொரு சுவாரஸ்யமும் உண்டு. இந்த ‘ஹெச்’ பல இடங்களில் முன்பு எழுத்தாகவே இல்லை. பழைய ஐரிஷ் எழுத்துருவில், மென்மையாக ஒலிக்க வேண்டிய எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள். நம்முடைய மெய்யெழுத்துப் புள்ளி மாதிரி பார்க்க இருக்கும், வேலை வேறு. அந்த முறையில் நீவ் என்ற பெயருக்கு நான்கு எழுத்தும் ஒரு புள்ளியும் போதும். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அயர்லாந்து சாதாரண ரோமன் எழுத்துருவுக்கு மாறியபோது புள்ளிக்குப் பதில் ‘ஹெச்’ வந்து உட்கார்ந்தது. ஆக, இன்று அமெரிக்க டீச்சரைத் திணறடிப்பதில் பாதி அச்சு இயந்திரத்தின் வேலை. பெயர் மேல் தப்பில்லை.

தொலைந்துபோன பெயர்கள்

ஒரு பாட்டியின் பெயருக்காக ஏன் இவ்வளவு பிடிவாதம்? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பல நூற்றாண்டு ஆங்கிலேய ஆட்சியில், ஐரிஷ் பெயர்கள் அரசு ஏடுகளில் ஆங்கிலப் பெயர்களாக மாறின. சில நேரம் ஒலியை ஒட்டி, சில நேரம் சம்பந்தமே இல்லாமல். க்ரான்யா ‘கிரேஸ்’ ஆனாள். ஷிவான் ‘ஜோன்’ ஆனாள். ஆன்யா ‘ஆன்’ ஆனாள். ஸைவ் ‘சாரா’ ஆனாள். 1593-ல் லண்டன் வரை போய் ராணி முதலாம் எலிசபெத்தை நேரில் சந்தித்த கடல் தலைவி ஒருத்தி இருந்தாள். ஊரில் அவள் பெயர் க்ரான்யா. உலகம் இன்று அவளை அதிகம் அறிவது கிரேஸ் ஓ’மாலி என்ற பெயரில்.

1831-ல் தொடங்கிய தேசியப் பள்ளிகளில் பாடமொழி ஆங்கிலம். ஐரிஷ் பேசும் குழந்தையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டிவிட்டு, ஒவ்வொரு முறை ஐரிஷ் பேசும்போதும் அதில் ஒரு கோடு கீறி, கோடுகளை எண்ணி அடி கொடுக்கும் வழக்கம் இருந்தது. வகுப்பில் தமிழ் பேசியதற்கு ஃபைன் கட்டியவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது.

1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் வந்தது. சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதே அளவு மக்கள் கப்பல் ஏறினார்கள். ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதிதான் அதிகம் அடி வாங்கியது. மொழியும் சேர்ந்தே சாய்ந்தது.

கப்பல் ஏறியவர்களுக்கு அமெரிக்காவில் என்ன கிடைத்தது? 19ஆம் நூற்றாண்டில் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் வீட்டு வேலைக்குப் போன பெண்களில் ஐரிஷ்காரிகள் மிக அதிகம். அவர்களில் பலருக்குப் பெயர் பிரிட்ஜெட். அயர்லாந்தின் பெரிய புனிதரான பிரிஜிடின் பெயர் அது. எஜமானர்கள் வாயில் ‘பிரிட்ஜெட்’ என்றாலே ‘வேலைக்காரி’ என்று ஆனது. பத்திரிகைக் கேலிச்சித்திரங்களில் தட்டை உடைப்பவளும் பிரிட்ஜெட்தான், எதிர்த்துப் பேசுபவளும் பிரிட்ஜெட்தான். புனிதரின் பெயர் வசவாகிப்போனதும், அடுத்த தலைமுறைக்கு அதை வைக்கக் குடும்பங்கள் தயங்கின.

அந்தப் புனிதரின் பெயரில் அயர்லாந்து அரசு பொது விடுமுறை அறிவித்து, அது முதன்முதலாகக் கொண்டாடப்பட்டது 2023-ல். ஒரு பெண்ணின் பெயரில் அங்கே வந்த முதல் பொது விடுமுறை அதுதான். ஒரு பெயருக்கு மரியாதை திரும்பி வர எவ்வளவு காலம் ஆகியிருக்கிறது பாருங்கள்.

வண்டி அளவுக்குப் போன வழக்கு

பெயரைத் திரும்பப் பெறும் முயற்சி சும்மா நடக்கவில்லை. 1892-ல் டக்ளஸ் ஹைட் என்ற அறிஞர் ஓர் உரை நிகழ்த்தினார். ஐரிஷ்காரர்கள் தங்கள் பெயர்களை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்வதை அதில் கடுமையாகச் சாடினார். அடுத்த ஆண்டே ‘கேலிக் லீக்’ என்ற மொழி அமைப்பு பிறந்தது. அதே ஹைட் 1938-ல் அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவர் ஆனார்.

1905-ல் இன்னொரு சம்பவம். டொனிகால் பகுதியைச் சேர்ந்த நீயல் மாக் கில்லா வ்ரீடி என்பவர் தன் வண்டியில் பெயரை ஐரிஷில் எழுதிவைத்தார். வண்டியில் உரிமையாளரின் பெயர் தெளிவாக, படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். ஐரிஷில் எழுதினால் ‘படிக்கும்படி’ இல்லையாம். அபராதம் போட்டார்கள். வழக்கு டப்ளின் வரை போனது. அவருக்காக வாதாடிய இளம் வழக்கறிஞர் பேட்ரிக் பியர்ஸ். தோற்றுப்போனார். 11 ஆண்டுகள் கழித்து, 1916 ஈஸ்டர் எழுச்சியின் தலைவர்களில் ஒருவராக ஆங்கிலேய அரசால் சுட்டுக்கொல்லப்பட்டவர் இதே பியர்ஸ்தான்.

“உங்க பேர் படிக்கிற மாதிரி இல்லை” என்பது இன்று கிளினிக் கவுன்ட்டரில் சாதாரணமாக வந்துவிழும் வார்த்தை. 1905-ல் அது கோர்ட் தீர்ப்பு.

இவ்வளவு போராடி நாடு கிடைத்தது. மொழி கிடைத்ததா? 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐரிஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் சுமார் 18.7 லட்சம் பேர். பள்ளி, கல்லூரிக்கு வெளியே தினமும் பேசுபவர்கள் சுமார் 72,000 பேர்தான். அரசியல் சட்டப்படி நாட்டின் முதல் அலுவல் மொழி அது. ஆனால், பெரும்பாலான வீடுகளில் டீ போடவும் சண்டை போடவும் ஆங்கிலம்தான்.

அந்த வீடுகளில் தினமும் பலமுறை வாய்விட்டுச் சொல்லப்படும் ஐரிஷ் சொல் எது? குழந்தையின் பெயர். பாஸ்டன் தம்பதியின் வாக்குவாதத்துக்குப் பின்னால் இருக்கும் கனம் இதுதான். மொழியில் மிச்சமிருக்கும் ஒரு துண்டு அது.

‘பாரம்பரியம்’ என்றால் எத்தனை வயசு?

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். பாரம்பரியப் பெயர் என்றதும், ஆயிரம் ஆண்டு கலப்படம் இல்லாத சரக்கு என்று நினைத்துவிடக் கூடாது.

ஷிவான் அசல் ஐரிஷ் பெயர் என்றுதான் உலகமே நினைக்கிறது. அது 1169-க்குப் பிறகு நார்மன்கள் கொண்டுவந்த பிரெஞ்சுப் பெயரின் ஐரிஷ் வடிவம். இன்றைய பிரெஞ்சில் ‘ஜான்’ என்று ஒலிக்கும் பெண் பெயரின் தூரத்துச் சொந்தம். ஷினேடும் அதே வீட்டுப் பெண்தான். படையெடுத்து வந்தவர்களின் பெயரை வாங்கி, தன் வாய்க்கு ஏற்ப மாற்றி, தன் எழுத்தில் எழுதி, தனதாக்கிக்கொண்டது அந்த மொழி.

சீர்ஷா இன்னும் இளசு. அந்தச் சொல்லுக்கு ‘விடுதலை’ என்று பொருள். சுதந்திரப் போராட்டக் காலத்துக்குப் பிறகுதான் அது பெண் பெயராகப் புழக்கத்துக்கு வந்தது. வயது சுமார் நூறு. நம் ஊரில் அந்தக் காலத்தில் பிறந்த பெண்களுக்கு ‘சுதந்திரா’ என்று வைத்த மாதிரி. 2021-ல் அயர்லாந்தில் பிறந்த பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட பெயர் ஃபீயா. காட்டு விலங்கு, மான் என்ற பொருளோடு தொடர்புள்ள சொல். இரண்டு தலைமுறைக்கு முன் அதைப் பெயராக வைத்தவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. அமெரிக்காவில் ‘ரொம்ப ஐரிஷ்’ என்று கருதப்படும் ‘காலீன்’ என்ற பெயருக்கு ஐரிஷில் ‘பொண்ணு’ என்றுதான் அர்த்தம். அயர்லாந்தில் யாரும் அதை வழக்கமாகப் பெயராக வைப்பதில்லை. சி-ஐ-ஏ-ஆர்-ஏ என்று எழுதினால் அயர்லாந்தில் ‘கீரா’, கருங்கூந்தலாள் என்று பொருள். அமெரிக்காவில் அதே எழுத்தில் ‘சியாரா’ என்று ஒரு பாடகி இருக்கிறார். அவர் பெயர் வந்தது ஒரு சென்ட் பாட்டிலிலிருந்து.

ஆக, பாரம்பரியம் என்பது மாறிக்கொண்டே வந்த ஒன்று. அதனால் ‘சுத்தமான ஐரிஷ் பெயர் எது’ என்று கூகுளில் ராத்திரி முழுக்கத் தேடுவதில் பிரயோஜனம் இல்லை. நம் வீட்டில் யார் பெயர், யார் வாயில் வந்த பெயர், என்ன கதை என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது

“குழந்தை என்ன விளம்பரப் பலகையா? உன் ஊர்ப்பாசத்துக்கு அவ எதுக்கு ஆயுசு முழுக்க ஸ்பெல்லிங் சொல்லிட்டே இருக்கணும்?” இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

நடிகை சீர்ஷா ரோனன் 1994-ல் நியூயார்க்கில் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்து, அயர்லாந்தில் வளர்ந்தவர். நான்கு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். ஆனாலும் அமெரிக்க டிவி நிகழ்ச்சிகளில் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது, பெயரை எப்படிச் சொல்வது என்றுதான். 2017-ல் ‘சாட்டர்டே நைட் லைவ்’ மேடையில் அதை ஒரு பாட்டாகவே பாடிவிட்டுப் போனார். ‘சேர்ஷா’ என்று அவர் சொல்வதற்கும் ‘சீர்ஷா’ என்று அயர்லாந்தில் பலர் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்பது தனிக் கதை. ஊருக்கு ஊர் உச்சரிப்பு மாறும். கீவாவையும் ‘க்வீவா’ என்று சொல்பவர்கள் உண்டு.

நட்சத்திரத்துக்கு அது ஒரு காமெடி. அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு? 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், எளிதாக உச்சரிக்க முடிகிற பெயர்கள் உள்ளவர்களை மக்கள் அதிகம் விரும்புவதாகத் தெரிந்தது. அமெரிக்கச் சட்ட நிறுவனங்களில் எளிய பெயர் உள்ள வழக்கறிஞர்கள் உயர்ந்த பதவிகளில் இருக்கும் போக்கும் தென்பட்டது. பெயருக்கு விலை இருக்கிறது, பொய்யில்லை.

ஆனால், யார் எவ்வளவு விலை கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2004-ல் வெளியான பிரபலமான ஆய்வு ஒன்றில், பாஸ்டன், சிகாகோ நிறுவனங்களுக்கு ஒரே மாதிரி பயோடேட்டாக்கள் அனுப்பப்பட்டன. வெள்ளையர் பெயர் போலத் தெரிந்தவற்றுக்கு, கறுப்பினத்தவர் பெயர் போலத் தெரிந்தவற்றைவிடச் சுமார் 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. அதே பாஸ்டனில் இன்று நீவ் என்ற வெள்ளைக்காரப் பெண்ணின் பெயரைக் கேட்டால், “அழகா இருக்கே, எந்த ஊர்?” என்பார்கள். இந்தச் சங்கடம் அந்த அநீதிக்குப் பக்கத்தில்கூட வராது. பிரிட்ஜெட்டுகள் கொடுத்த விலையில் சின்னப் பங்குகூட இல்லை. தூக்கக்கூடிய சுமைதான் இது.

கம்ப்யூட்டர் தொல்லை தனி. ஐரிஷில் சில உயிரெழுத்துகளின் மேல் ஒரு சாய்ந்த கோடு வரும். பெயர் ‘ஃபாடா’. குறிலை நெடிலாக்கும் கோடு அது. கோட்டை விட்டால் பொருளே மாறலாம். எஃப்-இ-ஏ-ஆர் என்று எழுதினால் ‘ஆண்’. அதில் இ-யின் மேல் கோடு போட்டால் ‘புல்’. கலிஃபோர்னியா மாகாணத்தின் பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கு மேல் எந்தக் குறியும் போட முடியாத நிலை இருந்தது. அதை மாற்ற 2017-ல் நிறைவேறிய மசோதாவை அன்றைய கவர்னர் ஜெர்ரி பிரவுன் வீட்டோ செய்தார். பாஸ்போர்ட்டின் அடியில் மெஷின் படிக்கும் இரண்டு வரிகளிலும் ஃபாடாவுக்கு இடமில்லை. அயர்லாந்திலேயே அரசு அலுவலகக் கம்ப்யூட்டர்கள் ஐரிஷ் பெயர்களைச் சரியாகப் பதிய வேண்டும் என்று 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது.

இதில் ஒரு நடைமுறை டிப்ஸ் இருக்கிறது. நீவ், கீவா, ஸைவ், ஈஃபா, சீர்ஷா, ஃபீயா, க்ளோடா ஆகிய பெயர்களில் ஃபாடா கிடையாது. ஷிவான், ஷினேட், ரோஷீன், க்ரான்யா, ஆன்யா ஆகியவற்றில் உண்டு. கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாதவர்கள் முதல் வரிசையிலிருந்து எடுக்கலாம்.

நடுவழி எதுவும் இல்லையா?

இருக்கிறது. மூன்று வழிகள்.

முதலாவது, எளிதான ஐரிஷ் பெயர். நோரா, மேவ், டாரா மாதிரி. யாரும் திணற மாட்டார்கள். மேவ் என்பதே பழைய ஐரிஷ் பெயர் ஒன்றின் ஆங்கில ஸ்பெல்லிங்தான். புராண ராணியின் பெயர், ஸ்பெல்லிங் மாறியதால் செத்துவிடவில்லை. இதைத் தேர்ந்தெடுப்பவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது, ஐரிஷ் பெயரை நடுப்பெயராக வைப்பது. எமிலி ஸைவ். இது சமாதானம் மாதிரித் தெரியும். ஆனால், நடுப்பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிடாத பெயர் சான்றிதழோடு நின்றுவிடும்.

மூன்றாவது, கடினமான பெயரை எடுத்து ஒலிக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுதிவிடுவது. நீவை என்-இ-இ-வி என்று எழுதுவது. இதுதான் இருப்பதிலேயே பலவீனமான வழி. குழந்தைக்கு வேலை மிச்சம், சரி. ஆனால், அவள் வளர்ந்து அயர்லாந்து போனால் அங்கே ஸ்பெல்லிங் சொல்ல வேண்டியிருக்கும். மொழியில் மிச்சமிருந்த துண்டு என்று சொல்லித்தானே பெயரைத் தேர்ந்தெடுத்தோம்? அந்தத் துண்டு அந்த எழுத்துகளில்தான் இருக்கிறது. ‘படிக்கிற மாதிரி இல்லை’ என்று அன்று சொன்னவர்களின் வேலையை இன்று நாமே செய்து முடிப்பது மாதிரி ஆகிவிடும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

ஐரிஷ் பெயர்தான் என்று மனசு சொன்னால், முழுசாக வையுங்கள். ஆனால், நான்கு விஷயங்களுக்குப் பெற்றோர் பொறுப்பேற்க வேண்டும்.

ஒன்று, நீங்கள் சரியாகச் சொல்லப் பழகுங்கள். மூன்றாவது, நான்காவது தலைமுறை ஐரிஷ்-அமெரிக்கர் பலர் ஸ்பெல்லிங்கின் அழகைப் பார்த்துப் பெயரை வைத்துவிட்டு, தப்பாகவே கூப்பிடுவதும் உண்டு. இன்ஸ்டாகிராமுக்காக வைக்கும் பெயர் என்றால் விட்டுவிடலாம்.

இரண்டு, பள்ளி திறப்பதற்கு முன்பே டீச்சருக்கு ஒரு வரி மெயில் போடுங்கள். “பெயர் இப்படி எழுதுவோம், இப்படிச் சொல்வோம்.” முதல் நாள், நாற்பது கண்கள் பார்க்க, ஐந்து வயசுக் குழந்தை டீச்சரைத் திருத்த வேண்டிய நிலைமை வரக் கூடாது. அந்த வேலை உங்களுடையது.

மூன்று, கதையைச் சொல்லுங்கள். ஐரிஷ் புராணத்தில் ஸைவ், மானாக மாற்றப்பட்ட பெண். அவளுடைய மகன் ஒஷீன். அவனைக் காதலித்துக் குதிரையில் ஏற்றி, முதுமையே இல்லாத தேசத்துக்கு அழைத்துப்போனவள் நீவ். அங்கே மூன்று வருடம் இருந்ததாக ஒஷீன் நினைக்கிறான். ஊர் ஞாபகம் வந்து திரும்பினால், அயர்லாந்தில் 300 வருடம் ஓடிவிட்டது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. குதிரையிலிருந்து தவறி விழுந்து மண்ணைத் தொட்டதும் கிழவனாகிவிடுகிறான். பிழைப்புக்காக ஊரை விட்டுப்போய், பத்து வருடம் கழித்து ஏர்போர்ட்டில் இறங்கும் யாருக்கும் இந்தக் கதை புரியும். பெயரோடு இந்தக் கதையும் சேர்ந்து கிடைத்தால், “உன் பேர் என்ன விநோதமா இருக்கு?” என்ற கேள்வி வரும்போது குழந்தைக்குச் சொல்ல ஏதோ ஒன்று இருக்கும்.

நான்கு, வளர்ந்தபின் அவள் விரும்பினால் சுருக்கிக்கொள்ளட்டும், மாற்றிக்கொள்ளட்டும். கொடுத்தது உங்கள் உரிமை, வைத்துக்கொள்வது அவள் உரிமை.

நமக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது

‘ழ’வை ஆங்கிலத்தில் இசட்-ஹெச் என்று எழுதிப் பாஸ்போர்ட் எடுத்த யாழினிகளுக்கும் கனிமொழிகளுக்கும் இதெல்லாம் புதிதல்ல. அந்த இரண்டு எழுத்தைப் பார்த்து வெளிநாட்டு டீச்சர் என்ன சொல்வார் என்று அவர்களுக்குத் தெரியும். மீட்டிங்கில் ‘கேனி’ என்று சுருங்கிப்போன அனுபவமும் இருக்கும்.

கூகுள், மெட்டா போன்ற நிறுவனங்களின் பெரிய அலுவலகங்கள் டப்ளினில் இருக்கின்றன. அங்கே வேலை பார்க்கும், அல்லது சென்னையிலிருந்து அந்த டீமோடு கால் பேசும் தமிழர்கள் உண்டு. இன்வைட்டில் ஏ-ஓ-ஐ-எஃப்-இ என்று ஒரு பெயரைப் பார்த்தால், “ஆவோய்ஃப்” என்று ஊகிக்கவோ, பெயரே சொல்லாமல் நழுவவோ வேண்டாம். “உங்க பேரை எப்படிச் சொல்லணும்?” என்று கேளுங்கள். “ஈஃபா” என்று பதில் வரும். பத்து செகண்ட் வேலை. அவரும் திருப்பிக் கேட்பார், நம் பெயரும் பிழைக்கும்.

இலக்கணத்தில் நமக்கும் ஐரிஷுக்கும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. கண்ணன் என்பவரைக் கூப்பிடும்போது ‘கண்ணா’ என்கிறோம் அல்லவா, அந்த விளி வேற்றுமை ஐரிஷிலும் உண்டு. அங்கே மாறுவது பெயரின் முதல் எழுத்து. ‘ஷிவான்’ என்பவளைக் கூப்பிடும்போது ‘அ ஹிவான்’ என்பது போல ஒலிக்கும். ஸைவையும் அப்படித்தான், ‘அ ஹைவ்’.

பாஸ்டன் தம்பதி கடைசியில் ஸைவ் என்றே முடிவு செய்தால், அந்த ஊரில் பெரும்பாலானோர் அவளை ‘ஸைவ்’ என்று அழைக்கக் கற்றுக்கொள்வார்கள். இரண்டு மூன்று முறை தப்பாகச் சொல்லி, பிறகு சரியாகிவிடும். ‘அ ஹைவ்’ என்று கூப்பிடுவது வீட்டில் மட்டும்தான் நடக்கும். சாப்பிடக் கூப்பிடும்போது, தூங்க வைக்கும்போது. அவள் பாட்டியின் அம்மாவைக் கூப்பிட்டதும் அப்படித்தான் இருந்திருக்கும்.